உலகிலேயே விலை உயர்ந்த பொருள் எது? தேக்காவில் தொடங்கிய சண்டை

காப்பி ஓ கொசோங் | செவ்வாய், இரவு 9.42

போன ஞாயிறு சிங்கப்பூர் தேக்கா சந்தையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான், என் மாமா, மாமாவின் பழைய கூட்டாளி ஒருவர், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன். தங்கம் விலையைப் பற்றிப் பேச்சு வந்தது. உலகத்திலேயே விலை உயர்ந்த பொருள் எது என்று யாரோ கேட்டுவைக்க, மாமா யோசிக்காமல் தங்கம் என்றார். கூட்டாளி வைரம் என்றார். பையன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஆன்ட்டிமேட்டர். ஒரு கிராம் 62.5 லட்சம் கோடி அமெரிக்க டாலர்" என்றான்.

மாமாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அதை எந்தக் கடையிலடா விற்கிறான்?" என்று கேட்டார். சத்தம் பெரிதாகி, பக்கத்து மேசை வரை போய், கடைசியில் பந்தயத்தில் முடிந்தது. தோற்பவர் வரும் ஞாயிறு எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தரவேண்டும். நான்தான் நடுவராம்.

வாட்சப்பில் வரும் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஒன்றில் ரோடியம் என்ற உலோகம் முதலிடம், இன்னொன்றில் அதன் பெயரே இல்லை. ஒன்றில் குங்குமப்பூவும் யுரேனியமும் அடுத்தடுத்து நிற்கின்றன. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிறு காலைக்குள் தீர்ப்பு வேண்டும்.

பிப்பெட் | செவ்வாய், இரவு 10.15

வேதியியல் சொல்லித் தருகிறவள் என்ற முறையில் முதலில் வருகிறேன்.

உங்கள் அக்கா மகன் சொன்ன எண் அவன் கற்பனை இல்லை. 1999இல் நாசா தரப்பில் போட்ட மதிப்பீடு அது: ஆன்ட்டிமேட்டரில் (எதிர்ப்பொருள்; சாதாரணப் பொருளைத் தொட்டால் இரண்டும் மறைந்துவிடும்) ஒரு வகையான எதிர் ஹைட்ரஜன் ஒரு கிராம் செய்ய 62.5 லட்சம் கோடி டாலர் ஆகும் என்று. ஆனால் "ஆகும்" என்பதைக் கவனியுங்கள். யாரும் செய்யவில்லை, யாரும் வாங்கவில்லை. ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடம் தன் இயந்திரங்களை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் ஓட்டினாலும் ஆண்டுக்கு ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் தேறும். அப்படியானால் ஒரு கிராமுக்கு நூறு கோடி ஆண்டு. செய்ததை எங்கே வைப்பது? பாத்திரத்தின் சுவரைத் தொட்டதும் மறைந்துவிடும். 2011இல் அங்கே எதிர் ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தப் பொறிக்குள் ஆயிரம் விநாடி பிடித்து வைத்தபோது உலகமே கைதட்டியது. ஆயிரம் விநாடி என்றால் பதினாறு நிமிடமும் கொஞ்சமும்.

உண்மையில் விற்பனைக்குள்ள பொருள் வேண்டுமென்றால் என் ஓட்டு கலிஃபோர்னியம் 252க்கு. 1950இல் பெர்க்லியில் கண்டுபிடித்த தனிமம். விற்பனைக்காக இதைச் செய்கிற இடங்கள் இரண்டுதான்: அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ், ரஷ்யாவில் திமித்ரோவ்கிராத். இரண்டையும் சேர்த்தால்கூட ஆண்டுக்கு ஒரு கிராம் வராது. ஒரு மைக்ரோகிராம் சுமார் 27 அமெரிக்க டாலர் என்று ஒரு விலை சொல்வார்கள். பத்து லட்சத்தால் பெருக்கினால் கிராமுக்கு 2.7 கோடி. ஒரு மைக்ரோகிராமிலிருந்து விநாடிக்கு 23 லட்சம் நியூட்ரான் வெளியே வருகிறது. அதுதான் அதன் வேலையே. அணு உலையை முதன்முதலாக எழுப்பிவிட, எண்ணெய்க் கிணற்றுக்குள் பாறையைத் துழாவ.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 10.31

டீச்சர், அவ்வளவு தூரம் ஏன் போகிறீர்கள்? சிங்கப்பூரில் கார் வாங்கும் உரிமைச் சான்றிதழ் இருக்கிறதே. 2023 அக்டோபரில் பெரிய கார் பிரிவுக்கு 150,001 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பத்து வருடத்தில் காலாவதி. அதுவும் இப்போது காகிதமாகக்கூடக் கையில் தருவதில்லை. எடை பூஜ்யம். அப்படியானால் கிராம் விலை என்ன? வகுத்துச் சொல்லுங்கள்.

காப்பி ஓ கொசோங் | செவ்வாய், இரவு 10.34

பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று உயர்நிலை ஒன்றிலேயே அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள் 😄

பழைய பட்டறை | புதன், காலை 6.05

நான் முப்பத்தெட்டு வருடம் நகைப் பட்டறையில் உட்கார்ந்தவன். சிராங்கூன் சாலைப் பக்கம். இப்போது கண் சரியில்லை, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போவதுதான் வேலை. அதனால் காலையிலேயே எழுதுகிறேன்.

தம்பி, உன் மாமா சொன்னதில் பாதி சரி. தங்கம் ரொம்ப அரிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இதுவரை மனிதன் தோண்டி எடுத்தது இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். எல்லாவற்றையும் உருக்கி ஒரே கட்டியாக வார்த்தால் ஒரு பக்கம் இருபத்திரண்டு மீட்டர். ஓர் எட்டு மாடி புளோக் உயரம், அவ்வளவுதான். அது கொஞ்சம் என்றும் சொல்லலாம், நிறைய என்றும் சொல்லலாம்.

ஆனால் எங்கள் பட்டறையில் தங்கத்தைவிட விலை கூடிய சாமான் ஒன்று சின்ன பாட்டிலில் இருக்கும். ரோடியம் தண்ணீர். வெள்ளைத் தங்கம் என்று நீங்கள் வாங்குகிறீர்களே, அது பெரும்பாலும் முழு வெள்ளை கிடையாது, லேசாக மஞ்சள் அடிக்கும். மேலே ரோடியம் முலாம் போட்டால்தான் அந்தப் பளபளப்பு. முடி கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. இரண்டு மூன்று வருடத்தில் தேய்ந்ததும் மோதிரத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள்.

2016இல் இந்த ரோடியம் அவுன்ஸ் 700 அமெரிக்க டாலருக்குக் கீழே கிடந்தது. 2021 மார்ச்சில் 29,000ஐத் தொட்டது. ஐந்தே வருடம். அப்புறம் மளமளவென்று இறங்கிவிட்டது. ஏன் அப்படி ஏறியது என்று சாமான் கொடுக்க வந்தவரிடம் கேட்டேன். காரின் புகைக்குழாய்க்குள் நச்சுப் புகையைச் சுத்தப்படுத்தும் பெட்டி ஒன்று உண்டு. உலகத்து ரோடியத்தில் பெரும்பகுதி அதற்குள்தான் போகிறது. சீனாவிலும் ஐரோப்பாவிலும் புகைச் சட்டம் கடுமையானதும் எல்லா கார்க்காரனும் ஒரே நேரத்தில் கேட்டான். கேட்டால் வந்துவிடுமா? ரோடியத்துக்கென்று தனிச் சுரங்கம் கிடையாது. தென்னாப்பிரிக்காவில் பிளாட்டினம் தோண்டும்போது கூடவே கொஞ்சம் வரும். விலை பத்து மடங்கு ஏறினாலும் பிளாட்டினம் எவ்வளவு தோண்டுகிறார்களோ அதற்குத் தக்கதுதான் இதுவும். சுரங்கத்திலிருந்து வருவது ஆண்டுக்கு 30 டன்கூட இல்லை. தங்கம் மூவாயிரம் டன்னுக்கு மேல்.

அந்த நேரத்தில் பல நாட்டில் நிறுத்தி வைத்த காருக்கு அடியில் படுத்து அந்தப் பெட்டியை அறுத்துக்கொண்டு போனார்கள். திருடனுக்கு வேதியியல் தெரிந்திருக்கிறது.

ஆனாலும் தம்பி, என் கட்சி தங்கம்தான். ஒரு சோதனை சொல்கிறேன். சாமானைக் கொண்டுபோய் அங் மோ கியோ அடகுக் கடையில் வை. முகம் மாறாமல் எடை போட்டு, உரசிப் பார்த்து, பத்து நிமிடத்தில் பணம் எண்ணிக் கொடுத்தால் அது விலை உயர்ந்த பொருள். மற்றதெல்லாம் கதை.

நைட் ஷிப்ட் | புதன், காலை 8.20

பட்டறை ஐயா, வணக்கம். நானும் ஒரு விதத்தில் தங்க வேலைதான் பார்த்தேன். உட்லண்ட்ஸில் கணினிச் சில்லு தொழிற்சாலை. இப்போதுதான் வேலை முடிந்து வந்து படுக்கப் போகிறேன், அதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

முன்பு இருந்த ஒரு கம்பெனியில் சில்லிலிருந்து வெளிக்காலுக்குத் தங்கக் கம்பி இழுப்போம். இருபது, இருபத்தைந்து மைக்ரான் கனம். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சத்தில் சிலந்தி நூல் மாதிரி மின்னும். தங்கம் விலை ஏற ஏற மெதுவாகச் செம்புக் கம்பிக்கு மாறிவிட்டார்கள். செம்பு கடினம், சீக்கிரம் துருப்பிடிக்கும், இயந்திரத்தை எல்லாம் திரும்பச் சரிப்படுத்த வேண்டியிருந்தது. பல மாதம் தூக்கமில்லை. ஐயா சொல்லும் அடகுக் கடை விலை எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது.

நான் சொல்ல வந்தது சிலிக்கானைப் பற்றி. பூமியின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்தபடி அதிகம் இருப்பது அதுதான். மணல். அதைவிட மலிவான சாமான் கிடையாது. அதை எங்கள் வேலைக்கு ஏற்ற மாதிரி ஆக்க, 99 சதவீதத்துக்குப் பின்னால் புள்ளி வைத்து இன்னும் ஒன்பது தடவை 9 போட வேண்டும். அவ்வளவு சுத்தம். காசு எல்லாம் அந்தக் கடைசி ஒன்பதுகளில்தான் போகிறது. அந்தச் சிலிக்கானை உருக்கும் கிண்ணமும் சாதாரணக் கண்ணாடி இல்லை. அதற்கேற்ற மிகத் தூய குவார்ட்ஸ் பெரும்பாலும் அமெரிக்காவில் வட கரோலினா மலையில் ஸ்புரூஸ் பைன் என்ற சின்ன ஊரிலிருந்து வருகிறது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அந்த ஊரைப் புரட்டிப் போட்டபோது இங்கே எங்கள் மேலாளர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்கேயோ ஒரு மலையூரில் வெள்ளம், உட்லண்ட்ஸில் அவசரக் கூட்டம்.

ஒரு பெட்டியில் 25 வேஃபர், சில்லு செய்யும் மெல்லிய சிலிக்கான் தட்டுகள். ஒருவர் கை தவறிக் கீழே போட்டதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். பாத்திரம் விழுந்த சத்தம்கூட இல்லை, சில்லென்று ஒரு சத்தம். யாரும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கணக்குப்பிள்ளை | புதன், காலை 9.02

மணல் என்றதும் ஒன்று. இந்த ஊரே மணலில் வளர்ந்தது. சுதந்திரம் வாங்கியபோது 581 சதுர கிலோமீட்டர், இப்போது 730க்கு மேல். 2007இல் இந்தோனீசியா மணல் ஏற்றுமதியை நிறுத்தியதும் கட்டுமானக் கம்பெனிகள் எல்லாம் தலையில் கை வைத்தன. கிராம் கணக்கில் ஒன்றுமில்லாத பொருள், கப்பல் கணக்கில் பாருங்கள்.

ஈசூன் மீனா | புதன், பிற்பகல் 1.10

எல்லோரும் ஆய்வுக்கூடத்திலேயே நிற்கிறீர்கள். என் வீட்டுச் சமையலறையிலிருந்து ஒன்று சொல்கிறேன்: கோரோசனை.

எங்கள் பாட்டி ஊரிலிருந்து வரும்போது ஒரு சின்னத் தகர டப்பாவில் கொண்டுவருவார். கைக்குழந்தைக்குச் சளி என்றால் அரிசி முனை அளவு உரசித் தாய்ப்பாலில் கலந்து நாக்கில் தடவுவார். (யாரும் இதைப் படித்துவிட்டுச் செய்ய வேண்டாம். என் மகளுக்கு நான் கொடுக்கவில்லை, டாக்டரிடம்தான் போனேன்.) அது மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல் என்பதே எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரியும். தெரிந்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

போன வருடம் என்னோடு வேலை பார்க்கும் சீனத் தோழி தன் அப்பாவுக்காக ஒரு மாத்திரை வாங்கினாள். பக்கவாதத்துக்குப் பழங்காலத்திலிருந்து அவர்கள் வைத்திருக்கும் மருந்து. பட்டுத் துணி வைத்த பெட்டி, நகைப் பெட்டி மாதிரி. ஏன் இவ்வளவு விலை என்று கேட்டால், உள்ளே இருப்பது நிஜ "நியூஹுவாங்" என்றாள். படத்தைக் காட்டினாள். பார்த்தால் பாட்டியின் டப்பாவில் இருந்த அதே மஞ்சள் கல்!

2025 தொடக்கத்தில் அவுன்ஸ் 5,800 அமெரிக்க டாலர் வரை போனதாகச் செய்தியில் வந்தது. அப்போதைய தங்கத்தைப் போல இரண்டு மடங்கு. பிரேசிலில் கொள்ளைக்காரர்கள் பண்ணைக்குள் துப்பாக்கியோடு புகுந்து இந்தக் கல்லைத் தூக்கிப் போகிறார்களாம். கல் எல்லா மாட்டிலும் இருக்காது. வயதான மாட்டில்தான் அதிகம். இந்தக் காலத்தில் இறைச்சிக்காக வளர்க்கும் மாட்டை இளசிலேயே வெட்டிவிடுகிறார்கள், கல் உண்டாக நேரமே இல்லை. தோண்டி எடுக்கவும் முடியாது.

பாட்டி டப்பாவை யாரோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். நான்தான் என்று அம்மா சொல்கிறார்.

பழைய பட்டறை | புதன், பிற்பகல் 1.48

மீனா, கோரோசனையில் பாதிக்கு மேல் போலி. மஞ்சளையும் வேறு எதையோ உருட்டி வைப்பான். உங்கள் பாட்டி டப்பாவுக்காக ரொம்ப வருத்தப்படாதீர்கள்.

அகில் கட்டை | புதன், மாலை 5.30

அரபு ஸ்திரீட் பக்கம் அத்தர் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். போலி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் கடையில் பூட்டிய அலமாரி ஒன்றுதான். அதற்குள் தங்கம் இல்லை, மரத்துண்டு. மலாய்க்காரர்கள் கஹாரு என்பார்கள், அரபுக்காரர்கள் ஊது என்பார்கள், நம் ஊரில் அகில். நல்ல ஆரோக்கியமான அகில் மரத்துக்கு மணமே கிடையாது. வெட்டினால் வெள்ளையான சாதாரண மரம், விறகுக்குக்கூட லாயக்கில்லை. மரத்துக்குக் காயம் பட்டு, பூஞ்சை உள்ளே போய், மரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சுரக்கும் கறுப்புப் பிசின்தான் சரக்கு. காட்டில் எந்த மரத்துக்குள் இருக்கிறது என்று வெளியே நின்று சொல்ல முடியாது. அதனால் பத்து மரத்தை வெட்டி ஒன்றில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். மரம் அழிகிறது என்று 1995இலேயே மலாக்கா அகிலை, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தார்கள், 2004இல் அந்த மரப் பேரினம் முழுவதையும். இப்போது ஒரு பெட்டி வெளிநாட்டுக்குப் போகவேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். எண்ணெயைத் தோலா கணக்கில் விற்போம், ஒரு தோலா பன்னிரண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

இப்போது தோட்டத்தில் வளர்த்து, மரத்தில் துளை போட்டு, வேண்டுமென்றே பூஞ்சையை ஏற்றுகிறார்கள். மணம் வரும். ஆனால் முதலாளி ஒரு சில்லைத் தணலில் வைத்து மோந்து பார்த்துவிட்டு, "இது அவசரத்தில் அழுத மரம்" என்பார். வாடிக்கையாளர்களில் பாதிப்பேருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, எனக்கும் முதல் இரண்டு வருடம் தெரியவில்லை. உயர்ந்த சரக்கு தண்ணீரில் போட்டால் மூழ்கும். அதற்காகச் சிலர் ஈயத்தைத் திணித்துக் கொண்டுவருவார்கள்.

விலை? கிலோ சில நூறு வெள்ளியிலிருந்து பல்லாயிரம் வரை. பட்டறை ஐயாவின் அடகுக் கடைக்காரர் இதை மோந்துகூடப் பார்க்க மாட்டார். ஆனால் வளைகுடாவிலிருந்து ஒருவர் வந்து, ஒரு சில்லைப் புகைத்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் முழுத் தட்டையும் எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை | புதன், இரவு 8.15

எனக்கு ஒரு குழப்பம். ரோடியத்தின் விலை கார்ச் சட்டத்தால், அகில் விலை மூக்கால், கோரோசனை விலை நம்பிக்கையால். அப்படியென்றால் அரிது என்பதற்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லையா? உண்மையிலேயே உலகத்தில் மிக மிக அரிதான பொருள் எது, அதன் விலை என்ன? டீச்சர்?

பிப்பெட் | புதன், இரவு 9.20

கனிமங்களில் என்றால் கியாவ்துவைட். மியன்மாரின் மோகோக் பகுதியில் கிடைத்த செம்மஞ்சள் கல். உலகத்தில் மொத்தம் ஒன்றே ஒன்று. ஓர் இனத்தில் ஒன்று இல்லை, அந்தக் கனிமமே அவ்வளவுதான். 1.61 கேரட், அதாவது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. 2015இல் தனிக் கனிமமாக ஏற்றுக்கொண்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குள் இருப்பது பிஸ்மத், ஆன்ட்டிமனி, ஆக்சிஜன். மூன்றும் சாதாரணச் சரக்கு. விலை? கிடையாது. விற்பனைக்கே வராத பொருளுக்கு விலை எங்கிருந்து வரும்?

தனிமங்களில் அஸ்டடைன். பூமியின் மேலோடு முழுவதையும் சலித்தாலும் எந்த நேரத்திலும் ஒரு கிராம் அளவில்தான் இருக்கும் என்பார்கள். அதன் ஐசோடோப்களில் (அதே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணு வகைகளில்) நீண்ட நேரம் தாங்குவதற்கே எட்டு மணி நேரத்தில் பாதி போய்விடும். கண்ணால் பார்க்கும் அளவுக்குச் சேர்த்தவர் யாரும் இல்லை. சேர்த்தால் தன் கதிர்வீச்சின் சூட்டிலேயே ஆவியாகிவிடும்.

அரை ஆயுள் | வியாழன், காலை 7.12

மூன்று நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். டீச்சர் எட்டு மணி நேரத்தில் பாதி போய்விடும் என்று அரை ஆயுளை, அதாவது என் பெயரைச் சொல்லிவிட்டார், இனிமேல் எழுதாமல் இருந்தால் மரியாதை இல்லை.

மருத்துவமனையில் அணு மருத்துவப் பிரிவில் வேலை. மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள்: ஆன்ட்டிமேட்டர் எந்தக் கடையில் என்று கேட்டாரே, இந்த ஊரில் வாரநாள் காலை எல்லாம் வேனில் வைத்து விநியோகம் செய்கிறார்கள்.

பெட் ஸ்கேன் கேள்விப்பட்டிருப்பீர்கள். புற்றுநோய் எங்கே பரவியிருக்கிறது என்று பார்ப்பது. சர்க்கரை மாதிரி ஒரு மூலக்கூறில் ஃபுளூரின் 18 என்ற அணுவை ஒட்டி ஊசியில் ஏற்றுவோம். புற்றுக்கட்டி சர்க்கரையை அடித்துத் தின்னும், அதனால் அங்கே போய்ச் சேரும். ஃபுளூரின் 18 சிதையும்போது பாசிட்ரான் வெளியே வரும். பாசிட்ரான் என்றால் எதிர் எலெக்ட்ரான், சுத்தமான எதிர்ப்பொருள். அது பக்கத்தில் உள்ள ஓர் எலெக்ட்ரானை முட்டி, இரண்டும் மறைந்து, எதிரெதிர்த் திசையில் இரண்டு கதிர் கிளம்பும். அந்தக் கதிரைப் பிடித்துத்தான் படம்.

இப்போது கணக்குப்பிள்ளைக்குப் பிடித்த கணக்கு. ஒருவருக்கு ஏற்றும் அளவில் ஃபுளூரின் 18இன் எடை ஏறக்குறைய ஒரு கிராமில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. ஒரு பேச்சுக்கு அந்த மருந்துக்கு 100 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராம் விலை ஒரு லட்சம் கோடி வெள்ளி! டீச்சரின் கலிஃபோர்னியம் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் நான் அதைத் தினமும் கையில் எடுக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், கிராம் விலை என்ற கணக்கே கொஞ்சம் ஏமாற்று வேலை. யாருக்கும் ஒரு கிராம் தேவைப்படாத பொருளை ஒரு கிராமுக்குப் பெருக்கி வைத்து வாயைப் பிளக்கிறோம்.

எங்களுக்கு உண்மையான விலை நேரம். 110 நிமிடத்தில் பாதி போய்விடும். வெளிநாட்டில் வாங்கிக் கப்பலில் கொண்டுவர முடியாது, இங்கேயே சைக்ளோட்ரானில் (துகள்களை வேகமாகச் சுழற்றும் இயந்திரம்) விடிகாலையில் செய்யவேண்டும். ஒருநாள் மழை, விரைவுச்சாலையில் விபத்து, வேன் நகரவில்லை. வேனுக்குள் இருந்த சரக்கு நின்ற இடத்திலேயே கரைந்துகொண்டிருந்தது. அன்று கடைசியாக இருந்த நோயாளிக்கு அளவு போதவில்லை, மறுநாள் வரச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. காலையிலிருந்து பட்டினி கிடந்த பெரியவர். ஒன்றும் சொல்லவில்லை, "கீழே ரொட்டிக் கடை திறந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

நைட் ஷிப்ட் | வியாழன், காலை 8.40

அண்ணே, கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஈரச் சந்தை | வியாழன், பிற்பகல் 12.25

சிங்கப்பூரே ஒரு காலத்தில் உலகத்துக்கு விற்ற அரிய பொருள் ஒன்று இருந்தது, யாரும் சொல்லவில்லையே. குட்டா பெர்ச்சா. மலாயில் கெத்தா பெர்ச்சா. பாலை மரக் குடும்பத்து மரம் ஒன்றின் பால். சுடுநீரில் போட்டால் பிசைந்த மாவு, ஆறினால் மரக்கட்டை. மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்குப் பிடி செய்துகொண்டிருந்தார்கள். வில்லியம் மான்ட்கோமரி என்ற மருத்துவர் 1843 வாக்கில் இதை லண்டனுக்கு அனுப்பிவைத்தார். கால்ஃப் பந்து செய்தார்கள். இன்னொன்றும் தெரிந்தது, கடலுக்கு அடியில் மின்சாரக் கம்பிக்கு உறை போட இதைப் போல வேறு எதுவும் இல்லை என்று. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில், 1866இல் அட்லாண்டிக் பெருங்கடலில், 1870களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாக நம் ஊருக்கு. கடல் தாண்டிய தந்திச் சேதி பெரும்பாலும் இந்த மரப்பால் உறைக்குள்தான் ஓடியது.

ரப்பர் மாதிரி கீறிப் பால் எடுக்க முடியாது, பால் சீக்கிரம் உறைந்துவிடும். மரத்தையே சாய்த்துப் பட்டையை வளையம் வளையமாக வெட்ட வேண்டும். ஒரு பெரிய மரத்துக்கு ஒரு கிலோகூடத் தேறாது. கொஞ்ச வருடத்துக்குள்ளேயே இந்தத் தீவில் மரம் அரிதாகிப்போய், ஜொகூர், சுமத்ரா, போர்னியோ என்று வெட்டிக்கொண்டே போனார்கள். சரக்கு மட்டும் சிங்கப்பூர் வழியாகவே கப்பல் ஏறியது. பாலிஎத்திலீன் வந்த பிறகுதான் மரத்துக்கு மூச்சு வந்தது.

இப்போதும் அது உங்கள் வாய்க்குள் இருக்கலாம். பல்லின் வேருக்குள் சுத்தம் செய்து அடைப்பார்களே, அந்தச் செம்மஞ்சள் குச்சி குட்டா பெர்ச்சாதான். எனக்கு இரண்டு பல்லில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்று ஓர் ஊர், பச்சைக் கற்பூரத்துக்குப் பேர்போனது. அங்கே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினருடையது. வரும் கப்பல்காரர்கள் கட்டணத்தைக் கஸ்தூரி விலையை வைத்துக் கணக்கிட்டுப் பொன்னாகச் செலுத்த வேண்டும் என்று அதில் இருக்கிறது. மாமா பக்கமும் அகில் கட்டை பக்கமும் ஒரே கல்லில்!

காப்பி ஓ கொசோங் | வியாழன், இரவு 10.05

சரி, வைரத்தை யாரும் ஆதரிக்கவே இல்லையே. மாமாவின் கூட்டாளி பாவம்.

பழைய பட்டறை | வெள்ளி, காலை 6.10

ஆதரிக்க மனசு வரவில்லை தம்பி. பெரிய கல், நிறமுள்ள கல் வேறு ஜாதி. 2017இல் ஹாங்காங்கில் 59.60 கேரட் இளஞ்சிவப்பு வைரம் 7.12 கோடி அமெரிக்க டாலருக்குப் போனது. கிராம் கணக்கு போட்டுப் பார், அறுபது லட்சம் டாலர் வரும். அந்த நிறத்தில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கத்திலிருந்து வந்தது, அதையும் 2020இல் மூடிவிட்டார்கள்.

நாம் கல்யாணத்துக்கு வாங்கும் கால் கேரட், அரை கேரட்டெல்லாம் அப்படி இல்லை. இப்போது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரம் வந்து அதன் விலை தரையில் கிடக்கிறது. கருவி இல்லாமல் எனக்கே வித்தியாசம் தெரியாது. என் தங்கை மகள் விவாகரத்துக்குப் பிறகு மோதிரத்தை விற்கப் போனாள். வாங்கிய கடையிலேயே, ஆறு வருடத்தில், பாதி விலைகூடச் சொல்லவில்லை. கல்லை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, அடியில் இருந்த தங்கத்தை எடை போட்டார்கள். அவள் அங்கே அழாமல் வெளியே வந்துதான் அழுதாள்.

நெறியாளர் | வெள்ளி, காலை 9.00

கலிஃபோர்னியம் எங்கே வாங்கலாம் என்று கேட்ட பதிவு நீக்கப்பட்டது. வேடிக்கைக்குத்தான் என்று தெரியும். இருந்தாலும்.

காப்பி ஓ கொசோங் | ஞாயிறு, பிற்பகல் 3.40

தேக்காவிலிருந்து வந்து எழுதுகிறேன். நீங்கள் எழுதியதை எல்லாம் கைப்பேசியில் வைத்துப் படித்துக் காட்டினேன். ஒன்றரை மணி நேரம் ஆனது, நடுவில் இரண்டு முறை தே தாரிக்.

பெட் ஸ்கேன் பகுதி வந்ததும் மாமாவின் கூட்டாளி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். போன வருடம் அவருக்கு இரண்டு முறை எடுத்தார்களாம். எங்கள் யாருக்கும் தெரியாது. "அப்படியென்றால் அந்த எதிர்ச் சாமான் எனக்குள் இருந்ததா?" என்று பையனைக் கேட்டார். பையன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆமாம் தாத்தா, கோடிக்கணக்கில் என்றான். அவருக்கு ஒரே சிரிப்பு. வைரத்துக்குப் பேசியவர் பையனின் கட்சிக்குத் தாவிவிட்டார்.

மாமா கடைசிவரை அசையவில்லை. அடகுக் கடைச் சோதனையைப் படித்ததும் "இவர்தான் விஷயம் தெரிந்தவர்" என்று பட்டறை ஐயாவைப் பார்க்க வேண்டும் என்கிறார். நான் தீர்ப்பே சொல்லவில்லை. பிரியாணிக்கு யார் காசு கொடுத்தார் என்று கேட்காதீர்கள், நடுவராக இருப்பதில் இதுதான் வம்பு.

ஈசூன் மீனா | ஞாயிறு, மாலை 4.15

கூட்டாளி இப்போது நன்றாக இருக்கிறாரா?

காப்பி ஓ கொசோங் | ஞாயிறு, மாலை 4.22

இருக்கிறார் அக்கா. இரண்டு பிளேட் சாப்பிட்டார், என் கணக்கில்.

ஈசூன் மீனா | ஞாயிறு, மாலை 4.31

அப்புறம் பட்டறை ஐயாவிடம் ஒன்று. என் வெள்ளைத் தங்க மோதிரமும் மஞ்சளாகிவிட்டது. ரோடியம் முலாம் திரும்பப் போட எவ்வளவு நேரம் ஆகும்? காத்திருந்து வாங்கலாமா?

பழைய பட்டறை | திங்கள், காலை 6.02

மெருகு ஏற்றிச் சுத்தம் பண்ணத்தான் நேரம், முலாத் தொட்டிக்குள் சில நிமிடம் போதும். கல் பதித்ததா, வெறும் மோதிரமா என்று சொல்லுங்கள். கல் ஆடினால் முதலில் அதை இறுக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய மாதம் மட்டும் போகாதீர்கள், பையன்கள் அவசரத்தில் செய்வார்கள்.